வருந்தினால் மட்டும் போதுமா?

மனநல மருத்துவர்களாகிய எங்களிடம் வரும் தம்பதியரில் ஒருவர், "எத்தனை முறைதான் மன்னிப்புக் கேட்பது?" என்று சலித்துக்கொள்வதுண்டு. "என்ன செய்தோம் என்பதே இவருக்கு இன்னும் புரியவில்லை" என்பார் மற்றவர். இருவர் கூற்றும் உண்மையாக இருக்கக்கூடும். வருந்துவது வேறு, பொறுப்பேற்பது வேறு.

இவ்வேறுபாட்டை அறிய மதுரை மக்கள் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில், மாதவியை ஐயுற்றுப் பிரிந்த கோவலன், மதுரைக்கு வரும் வழியில் அவளது மடலைப் படித்து, குற்றம் தன்னுடையதே என உணர்கிறான். பின்னர், மதுரையின் புறத்தே ஆயர் குடியிருப்பில், தகாதவரோடு திரிந்ததையும், பெற்றோரைப் பேண மறந்ததையும், கண்ணகிக்கு இழைத்த சிறுமையையும் அவளிடமே ஒப்புக்கொள்கிறான். கண்ணகி, "பரவாயில்லை" என்று முடித்துவிடவில்லை. தன் துயரை மறைத்துப் பொய்யாய் முறுவலித்ததையும், அதனை உணர்ந்து அவனுடைய பெற்றோர் வருந்தியதையும் எடுத்துரைக்கிறாள். அவன் மறுத்துப் பேசவில்லை.

"நான் கெட்டவன்" என்று புலம்புபவரைத் தேற்றும் சுமையும் புண்பட்டவர் மீதே விழுகிறது. "நான் இதைச் செய்தேன்" என்பவரால்தான் சீர்செய்ய இயலும். ஆகவே நாங்கள் கூறுவன:

• செய்ததைத் தெளிவாகச் சொல்லுங்கள், "ஆனால் நீயும்..." என்று தொடராதீர்கள்.

• துணைவர் தம் வலியைக் கூறும்போது இடைமறிக்காமல் கேளுங்கள்.

• குடியோ, மறைத்த கடனோ, வேறு தொடர்போ, காரணமானதை நிறுத்துங்கள். தானாக நிறுத்த இயலாத குடிப்பழக்கத்திற்குச் சிகிச்சை உண்டு.

• மன்னிப்புக்குக் கெடு விதிக்காதீர்கள். மன்னிக்காதிருப்பதும் பிரிவதும் புண்பட்டவரின் உரிமை.

அடிப்பதும், அழுது மன்னிப்புக் கேட்பதும், மீண்டும் அடிப்பதும் பொறுப்பேற்றல் ஆகாது. அத்தகைய வீட்டில் முதலில் வேண்டுவது பாதுகாப்பு, சமரசமன்று. பெண்கள் 181 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

அளவற்ற குற்றவுணர்வு மனச்சோர்வு நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். அதனுடன் உறக்கமின்மையும் பசியின்மையும் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டா. 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

கண்ணகியிடம் மனம் திறந்த அன்றே கோவலன் கொலையுண்டான். மாறி வாழ்ந்து காட்ட அவனுக்கு நாள் கிடைக்கவில்லை. நமக்கு அந்த நாள்கள் உள்ளன. தனியாகவோ துணைவருடனோ எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். நீங்கள் கூறுவதை இரகசியமாகக் காப்பது எங்கள் கடமை.