மாப்பிள்ளையின் தயக்கமும் பெண்ணின் கணக்கும்

பலேர்மோ நகரின் போர்கோ வெக்கியோவிலிருந்து பேசுகிறேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய குடியிருப்பு இது. ஜன்னலுக்குக் கீழே சந்தை. நடுவில் இரைச்சல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைய தலைப்பு ரீஜென்சி காதல் நாவல். எப்படியாவது கலியாணம் செய்தாக வேண்டும் என்று நிற்கும் ஒரு பெண், பிடிகொடுக்காத ஒரு பிரபு. இந்த இரண்டு பேரை வைத்து எத்தனையோ நாவல்கள் வந்துவிட்டன. சென்ற நிகழ்வின் முடிவில் ஒரு நண்பர், “இது எங்கள் ஊர்த் தரகர் பேச்சுப் போலத்தானே இருக்கிறது, இதில் இலக்கியம் எங்கே?” என்று கேட்டார். அவர் கண்ட ஒற்றுமை சரியானது. அந்த ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு போனால்தான் இந்தக் கதைகள் புரியும் என்று நினைக்கிறேன்.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றியதால், அவருடைய மகன் 1811 முதல் 1820 வரை அவருக்குப் பதிலாக ஆட்சி செய்தார். அதுதான் ரீஜென்சி காலம். ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் வெளிவந்தது இந்த ஆண்டுகளில்தான். ஆனால் அவர் தன் சமகாலத்தை எழுதினார். நூறு ஆண்டுக்கு மேல் கழிந்தபின் அந்தக் காலத்தைத் திரும்பிப் பார்த்து, அதைத் தனி வகையாகவே ஆக்கியவர் ஜார்ஜெட் ஹேயர். 1949-இல் வந்த அவருடைய ‘அரபெல்லா’ நல்ல உதாரணம். யார்க்‌ஷயரில் ஒரு பாதிரியாருக்கு எட்டுப் பிள்ளைகள். மூத்த பெண் அரபெல்லா நல்ல இடத்தில் கலியாணம் முடித்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் வழி பிறக்கும் என்று லண்டனுக்கு அனுப்புகிறார்கள். வழியில் வண்டி பழுதாகி, போமாரிஸ் என்ற பெரும் பணக்காரரின் வீட்டில் ஒதுங்குகிறாள். தன்னைப் பிடிக்கத்தான் இந்தப் பெண் நாடகம் போடுகிறாள் என்று அவர் நண்பரிடம் சொல்வது அவள் காதில் விழுகிறது. ஆத்திரத்தில், தானே பெரிய சொத்துக்காரி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறாள். கதை அங்கே தொடங்குகிறது.

அவள் ஏன் கலியாணத்தையே நினைக்கிறாள்? அன்றைய இங்கிலாந்தில் குடும்ப நிலம் பெரும்பாலும் மூத்த மகனுக்குப் போகும். ஆஸ்டினின் பென்னட் வீட்டில் ஐந்து குமர். ஆண் பிள்ளை இல்லை. தகப்பன் கண் மூடினால் வீடும் காணியும் தூரத்து உறவுக்காரனுக்கு. படித்த நடுத்தரப் பெண்ணுக்கு இருந்த மரியாதையான வேலை, இன்னொருவர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது. கலியாணம் செய்தாலோ, அவள் கொண்டுவந்த பணமும் நகையும் சட்டப்படி கணவனுடையவை. வசதியான குடும்பங்கள் அறங்காவலர்களை வைத்துத் தனிப் பத்திரம் எழுதி இதைத் தவிர்த்தன. மற்றவர்களுக்கு 1870-லும் 1882-லும் சட்டங்கள் வரவேண்டியிருந்தது. ஆகவே அவள் தேர்ந்தெடுப்பது ஒரு துணையை மட்டுமல்ல. மிச்சக் காலம் முழுவதற்குமான கூரையையும்தான்.

பிரபு ஏன் தயங்குகிறார்? அவரால் தயங்க முடிகிறது, அதனால் தயங்குகிறார். முப்பத்தைந்து வயதிலும் அவர் நல்ல மாப்பிள்ளைதான். அவர் ‘வேண்டாம்’ என்று சொன்னால் ஒரு மாலைப்பொழுது வீணாகும். அவள் ‘வேண்டாம்’ என்று சொன்னால் தங்கைகளின் வாழ்க்கை தள்ளிப்போகும். நல்ல ரீஜென்சி நாவல் இந்த ஏற்றத்தாழ்வை மறக்காது. தன் தயக்கத்தின் விலையை வேறொருத்தி கட்டுகிறாள் என்பதை நாயகன் உணரும் இடம்தான் கதையின் உண்மையான திருப்பம். முத்தம் எல்லாம் அதற்குப் பிறகு.

இதே ஆண்டுகளில் நான் இருக்கும் இந்த நகரத்திலேயே இப்படி ஒரு கலியாணம் நடந்தது. நெப்போலியனின் படை 1806-இல் நேப்பிள்ஸைப் பிடித்ததும், அங்கிருந்த அரச குடும்பம் ஆங்கிலக் கப்பற்படையின் காவலில் பலேர்மோவுக்கு வந்துவிட்டது. இளவரசி மரியா அமாலியாவைச் சிறுவயதிலேயே பிரான்ஸின் பட்டத்து இளவரசனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பிள்ளை 1789-இல் இறந்துபோனான். 1808-இல் இங்கே வந்து சேர்ந்தார் ஓர்லேயான் கோமகன் லூயி பிலிப்: நாடு இழந்தவர், சுவிட்சர்லாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்து பிழைத்தவர். இங்கே தயங்கியது மாமியார். அரசி மரியா கரோலினா, கில்லட்டினில் இறந்த மரி அந்துவானெத்தின் அக்கா. மாப்பிள்ளையின் தகப்பனோ, அந்துவானெத்தின் கணவரான பதினாறாம் லூயி மன்னரைக் கொல்ல வாக்களித்தவர். இப்படி ஒரு சம்பந்தத்தை எந்தத் தரகர் கொண்டுவருவார்? ஆனாலும் 1809 நவம்பர் 25 அன்று கலியாணம் நடந்தது. பெண்ணுக்கு 27, மாப்பிள்ளைக்கு 36. அவர்கள் வாழ்ந்த ஓர்லேயான் மாளிகை நகரின் மறுபக்கத்தில் இன்றும் இருக்கிறது. சிசிலி மாநில அரசுத் தலைவரின் அலுவலகம் அது. 1830-இல் அவர் பிரான்ஸின் அரசரானார்.

27 என்ற வயதைக் கவனியுங்கள். ஆஸ்டினின் சார்லட் லூகாஸ், பிடிக்காத ஒருவருக்குச் சம்மதம் சொல்லும்போது அவளுக்கும் வயது 27. இளவரசியானாலும் அயல்வீட்டுப் பெண்ணானாலும் அந்த வயதில் ஊர் ஒரே மாதிரித்தான் பார்த்தது. மறுக்கும் பெண்ணுக்கு இந்த நகரம் காட்டிய வழி வேறு. பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும் புனித ரொசாலியாவை நம்மவர்கள், இந்துக்களும் கூட, ஏறிப்போய்க் கும்பிடுகிறோம். மரபுக் கதையில் அவர் உயர்குடிப் பெண்; கலியாணத்தை மறுத்துக் குகைக்குப் போனவர். மாளிகை இல்லாவிட்டால் குகை. நடுவில் ஒரு வாடகை அறை அன்று இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் நிலைமை என்ன? ஒல்லாந்தர் காலத்தில், 1707-இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்துக் கொடுத்த தேசவழமையை ஆங்கிலேயர் 1806-இல் உறுதிப்படுத்தினார்கள். முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று அது சொத்தைப் பிரிக்கிறது. சீதனம் பெண்ணின் சொத்து. கலியாணத்தால் அது கணவனுடையதாகிவிடாது. எலிசபெத் பென்னட்டுக்கு இல்லாத ஓர் உரிமை, அதே காலத்தில் வடமராட்சிப் பெண் ஒருத்திக்குச் சட்டத்தில் இருந்தது. பெருமைப்படுவதற்கு முன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சீதனக் காணியை அவள் விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911-ஆம் ஆண்டுச் சட்டமும் சொன்னது. பெண்ணுக்குப் பாதுகாப்பாகக் கொடுத்த காணி, நாளடைவில் மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் விலையாகவும் மாறியது. பேசி முடிக்கும்வரை தயங்குவதுபோல் இருப்பது நம் மாப்பிள்ளைகளுக்கும் தெரிந்த வித்தைதான்.

புலம்பெயர்ந்த நம் வீடுகளில் இந்த நாவல்களைப் பிள்ளைகள் படிக்கிறார்கள், தாய்மார் ‘வெறும் காதல் கதை’ என்று ஒதுக்குகிறார்கள். ஒதுக்கும் தாய்க்குத்தான் அதில் இருக்கும் கணக்கு நன்றாக விளங்கும். தன் கலியாணத்தில் அந்தக் கணக்கைப் பார்த்தவர் அவர். மகளோடு சேர்ந்து வாசித்தால், தான் வாய்விட்டுச் சொல்லாத பலவற்றைப் பாத்திரங்களின் பெயரில் அவர் சொல்லிவிடலாம்.

அடுத்த நிகழ்வுக்கு ‘அரபெல்லா’வைப் படித்துவிட்டு வாருங்கள். ஒவ்வொரு மறுப்பும் தாமதமும் வரும் இடத்தில், அதற்கு யார் விலை கொடுக்கிறார் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அம்மம்மாவின் சீதன உறுதி வீட்டில் பத்திரமாக இருந்தால், அதையும் எடுத்து வாசியுங்கள். எந்தக் காணி, எத்தனை பரப்பு, யார் பெயரில் என்று பாருங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுவோம்.