நாய்க்குட்டியின் மூக்கை முதலில் பாருங்கள்

அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரிலும் சென்னையிலும் காற்றின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். நாயின் இயல்பான உடல் வெப்பமோ 38.3 முதல் 39.2 டிகிரி வரைதான். சூடு எப்போதும் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பாயும். ஆகவே அந்த மதிய வேளையில் நாயின் உடம்புச் சூடு காற்றுக்குப் போக வழியில்லை. காற்றின் சூடுதான் நாய்க்குள் இறங்குகிறது. உடல் வெப்பம் 41 டிகிரியைக் கடந்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டு டிகிரி இடைவெளிக்குள் அது தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். நம்மைப் போல் வியர்க்கும் சுரப்பிகள் அதற்குப் பாதத்தின் அடியில் மட்டுமே உண்டு. பிறகு எப்படித்தான் நம் ஊரில் வாழ்கிறது? இதற்கு விடை தெரிந்தால், எந்தக் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

மண்பானைத் தண்ணீரைக் குளிர வைக்கும் அதே தந்திரத்தைத்தான் நாயும் நம்பியிருக்கிறது. ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். ஒரு கிராம் தண்ணீர், அதாவது சுமார் இருபது சொட்டு, ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். இதற்கு உள்ளுறை வெப்பம் என்று பெயர். 58 கிராம் தண்ணீரை 10 டிகிரி சூடாக்கப் போதுமான வெப்பம் அது. அத்தனையையும் இருபது சொட்டு ஈரம் உறிஞ்சிச் சென்றுவிடுகிறது. நமக்கு இந்த வேலை தோல் முழுக்க நடக்கிறது. நாய்க்கு நடப்பது வெளியே தெரியாத ஓர் இடத்தில்: மூக்குக்குள்.

நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும் நாயைப் பார்த்தால், வேலையெல்லாம் நாக்கில்தான் நடக்கிறது என்று தோன்றும். ஆனால் பெரும்பகுதி நடப்பது மூக்குக்குள்தான். நீண்ட மூக்குள்ள நாயின் மூக்கறைக்குள் மெல்லிய எலும்புத் தகடுகள் சுருள் சுருளாக அடுக்கியிருக்கின்றன. இவற்றைச் சுருளெலும்புகள் என்று சொல்லலாம். அவற்றின்மேல் ரத்தக் குழாய்கள் நிறைந்த ஈரமான சவ்வு படர்ந்திருக்கிறது. சின்ன இடத்துக்குள் பெரிய பரப்பு. 1970-ல் உயிரியலாளர் நுட் ஷ்மிட்-நீல்சனும் அவருடைய குழுவினரும் இரைக்கும் நாய்களில் காற்று போகும் திசையை அளந்து பார்த்தார்கள். காற்று பெரும்பாலும் மூக்கு வழியாக உள்ளே போய், வாய் வழியாக வெளியேறியது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஈரமும் சூடும் ஏறிய காற்று, வந்த வழியே மூக்கில் திரும்பினால், குளிர்ந்த சவ்வில் பட்டு ஈரத்தையும் சூட்டையும் அங்கேயே விட்டுவிடும். வாய் வழியாகப் போனால் இரண்டும் வெளியே போய்ச் சேரும். எவ்வளவு காற்றை எந்த வழியில் விடுவது என்பதை மாற்றியே நாய் தன் சூட்டைக் கட்டுப்படுத்துகிறது.

அந்தச் சவ்வு காய்ந்துபோகாதா? அதற்கும் ஏற்பாடு உண்டு. மூக்கின் இரு பக்கமும் ஒவ்வொரு சுரப்பி இருக்கிறது. வெளிச்சூடு ஏற ஏற, அது சுரக்கும் நீரும் ஏறுகிறது. தோலில் இல்லாத வியர்வையை நாய் மூக்குக்குள் வைத்திருக்கிறது என்றே சொல்லலாம்.

இன்னொரு அதிசயம் மூச்சின் வேகத்தில் இருக்கிறது. நிழலில் படுத்திருக்கும் நாய் நிமிடத்துக்கு முப்பது நாற்பது முறைக்குள் மூச்சு விடும். சூடு ஏறியதும் அது படிப்படியாக 50, 100 என்று கூடுவதில்லை. ஒரே தாவாக 300 பக்கம் போய்விடுகிறது. நொடிக்கு ஐந்து மூச்சு! இவ்வளவு வேகமாகத் தசைகள் உழைத்தால் அந்த உழைப்பே உடம்பைச் சூடாக்கிவிடாதா? அதற்காகத்தான் அந்தக் குறிப்பிட்ட எண்ணிக்கை. மார்புக்கூடும் நுரையீரலும் மீள்தன்மை கொண்டவை. அவற்றுக்கென்று இயல்பான ஓர் அதிர்வு வேகம் உண்டு. நாய் சரியாக அந்த வேகத்தில் இரைக்கிறது. இயற்பியலில் இதை ஒத்ததிர்வு என்பார்கள். ஒவ்வொரு மூச்சும் அடுத்த மூச்சுக்குப் பாதித் தள்ளு கொடுத்துவிடுவதால் தசைக்கு வேலை மிகக் குறைவு. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், இரைப்பதால் உண்டாகும் சூடு இரைப்பதால் தணியும் சூட்டை மிஞ்சிவிடும்.

மூக்கில் குளிர்ந்த ரத்தம் இதயத்துக்குத் திரும்பும் வழியில் இன்னொரு உதவியும் செய்துவிட்டுப் போகிறது. மூளையின் அடியில், மூளைக்குச் செல்லும் சூடான ரத்தக் குழாயை அது உரசிக்கொண்டு ஓடுகிறது. ஓடும் நாய்களை வைத்து 1977-ல் நடந்த ஆய்வில், உடம்பைவிட மூளை ஒரு டிகிரிக்கும் மேல் குளிர்ச்சியாக இருந்தது தெரியவந்தது. உடம்பு கொதித்தாலும் மூளை தப்பிக்கிறது.

இத்தனை நுட்பமான கருவிக்கும் ஓர் எல்லை உண்டு: காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் மூக்கின் ஈரம் ஆவியாகாது. சென்னையில் பிற்பகல் கடற்காற்று வந்ததும் வெப்பமானி இறங்கும். ஆனால் புழுக்கம் ஏறும். நம் சட்டை உடம்போடு ஒட்டும் அதே நேரத்தில் நாயின் மூக்கும் திணறுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் விருதுநகர்ச் சீமையில் வெயில் கடுமையானது, ஆனால் காற்று வறண்டது. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியின் கதையே வேறு. ஆகவே நாய் வாங்குமுன், உங்கள் ஊரின் வெயிலோடு புழுக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு பக் குட்டியின் முகத்தைப் பாருங்கள். சப்பையான மூக்கு, நெற்றியில் சுருக்கம், பெரிய கண்கள். பார்த்தவுடன் தூக்கிக் கொஞ்சத் தோன்றும். மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் குட்டை முகத்தையே தேர்ந்தெடுத்ததால் எலும்பு குறுகியது. உள்ளேயிருக்கும் தசையும் சவ்வும் அதே அளவுக்குக் குறுகவில்லை. மேலண்ணத்தின் பின்பகுதி நீண்டு மூச்சுக்குழலின் வாயை அடைக்கிறது. சுருளெலும்புகளுக்கு இடமில்லை. மூக்குத் துவாரம் பல குட்டிகளில் வெறும் கோடாகத்தான் தெரியும். குழாயின் விட்டம் பாதியானால், சீராக ஓடும் காற்றுக்கு எதிர்ப்பு 16 மடங்காகும். பக், பிரெஞ்சு புல்டாக் போன்ற குறுமூக்கு இனங்கள் தூங்கும்போது விடும் குறட்டை, அவை மூச்சுக்குப் படும் பாடு. இரைத்துச் சூடு தணிக்க வேண்டிய பிராணிக்கு இரைக்கும் கருவியே பழுது. புழுக்கமான கடற்கரை நகரத்தில் அதற்கு ஒவ்வொரு கோடையும் கண்டம்.

அடுத்தது ரோமம். நாய் ரோமத்தின் நீளம், சுருட்டை, முரட்டுத்தன்மை ஆகியவற்றில் நாம் காணும் வேறுபாடுகளில் பெரும்பகுதிக்கு மூன்றே மரபணுக்கள் காரணம் என்று 2009-ல் கண்டறிந்தார்கள். ஆனால் நம் ஊருக்கு முக்கியமான கேள்வி நீளம் பற்றியது அல்ல, அடுக்கு பற்றியது. சைபீரியாவில் சுக்சி மக்கள் வளர்த்தெடுத்த ஹஸ்கிக்கு ஈரடுக்கு ரோமம். மேலே நீண்ட முடி. அடியில் பஞ்சு போன்ற அடர்ந்த அடிரோமம். அந்த அடிரோமத்தில் சிக்கிய காற்று, உடம்புச் சூடு வெளியேறாமல் தடுக்கிறது. உறைபனிக்கு அருமையான ஏற்பாடு. கோடை வந்தால் அது அடிரோமத்தைக் கொத்துக் கொத்தாக உதிர்க்கும். கோடை வந்ததை அதற்கு முக்கியமாகத் தெரிவிப்பது பகல் நீள்வதுதான். சுக்சி மக்களின் நிலத்தில் குளிர்காலப் பகல் சில மணி நேரமே. கோடையிலோ இரவென்று ஒன்று இருந்தும் இல்லாதது போல. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். ஹஸ்கியின் உடம்பு எதிர்பார்க்கும் சேதி இங்கே தெளிவாக வந்து சேர்வதில்லை. ஏசி அறையில் வளர்க்கலாமே என்பார்கள். பல மைல் தூரம் வண்டி இழுக்கப் பிறந்த நாயை நாளெல்லாம் ஓர் அறைக்குள் பூட்டுவது இன்னொரு கொடுமை.

மூன்றாவது, உடம்பின் அளவு. சூடு உண்டாவது உடம்பு முழுக்க. வெளியேறுவது மேற்பரப்பு வழியாக. 5 கிலோ நாயையும் 70 கிலோ செயின்ட் பெர்னார்டையும் ஒப்பிட்டால், எடை 14 மடங்கு; மேற்பரப்போ 6 மடங்குகூட வராது. பெரிய நாய் ஒருமுறை சூடேறினால் ஆற வெகுநேரமாகும். ஆல்ப்ஸ் மலைக் கணவாயில் அது வரம், சமவெளியில் சாபம்.

மூக்கு, ரோமம், உடல் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்துச் சிப்பிப்பாறை நாயைப் பாருங்கள். நீண்ட மூக்கு. அடிரோமம் இல்லாத, தோலோடு ஒட்டிய குட்டை முடி. கொழுப்பற்ற ஒடுங்கிய வயிறு, ஆழமான மார்பு, நீண்ட கால்கள். தென்மாவட்டக் கரிசல் காட்டில் முயல் விரட்டியே உருவான உடம்பு இது. கருப்பு உடம்பில் செம்மை தெறித்த கன்னி இதன் நெருங்கிய உறவு. தேனி மாவட்டக் கோம்பையின் பெயரைத் தாங்கிய கோம்பை, கட்டான உடம்புள்ள காவல்காரன். வெள்ளை நிற ராஜபாளையத்துக்கு இந்திய அஞ்சல் துறை 2005-ல் தபால்தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது.

ஆனாலும் நாட்டு இனம் என்றாலே எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது. சிப்பிப்பாறை ஓட வேண்டும். அணிலைக் கண்டால் கயிற்றைப் பிடித்திருக்கும் தாத்தாவையும் இழுத்துக்கொண்டு ஓடும். ராஜபாளையமும் கோம்பையும் அந்நியரை எளிதில் ஏற்காதவை. விருந்தாளி வந்துபோகும் அடுக்குமாடி வீட்டில் அனுபவமில்லாதவர் சமாளிப்பது கடினம். ராஜபாளையத்தின் வெண்மைக்கு ஒரு விலையும் உண்டு. தோலுக்கு நிறம் தரும் நிறமிச் செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அவை அங்கே இல்லாமல் போனால் குட்டிக்குக் காது கேட்காது. தூங்கும் குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இது காட்டிக்கொடுக்காது. அதற்குக் கால்நடை மருத்துவரின் சோதனை வேண்டும்.

தெருவில் திரியும் நாட்டு நாய்க்கு இனச் சான்றிதழ் கிடையாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நம் வெயிலும் மழையும் சலித்தெடுத்த உடம்பு அதற்கு. நடுத்தர எடை, நீண்ட மூக்கு, மெல்லிய ரோமம். வெயிலேறும்போது மண்ணைப் பறித்து அடியிலுள்ள குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துப் படுக்கும் அறிவும் உண்டு. முதன்முதலாக நாய் வளர்க்கும் குடும்பத்துக்கு, காப்பகத்திலிருந்து எடுத்த ஒரு நாட்டு நாய்க்குட்டியைவிட நல்ல தேர்வு சமவெளித் தமிழ்நாட்டில் அரிது.

குணம் எப்படி? இங்கேதான் விஞ்ஞானம் நம் நம்பிக்கை ஒன்றை அசைத்தது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களை ஆராய்ந்து 2022-ல் வெளியான ஆய்வு, நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு 9 சதவீதம் அளவில்தான் என்று கண்டது. சில குணங்கள் பரம்பரையாக வருவது உண்மை. லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, உணவு நாட்டத்தைக் கூட்டும் மரபணு மாற்றம் இருக்கிறது. லாப்ரடார் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பாட்டி பாசத்தோடு ஊட்டும் வீட்டில் அது சீக்கிரம் குண்டாகிவிடும். கொழுப்பும் சூட்டைத் தடுக்கும் இன்னொரு போர்வைதான். ஆனால் பயந்த நாயா, பழகும் நாயா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டி எதைப் பார்த்தது, யாரோடு பழகியது என்பதே. அந்த நாட்களில் குழந்தைகளின் கூச்சல், மிக்சி, ஆட்டோ எல்லாம் அதற்குப் பயமின்றி அறிமுகமாக வேண்டும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவும் கூடாது.

நம் வெப்பத்தில் தவிக்கும் சில வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று தமிழ்நாடு அரசின் 2024-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கக் கொள்கை சொன்னது. ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக், பிரெஞ்சு புல்டாக் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. ஏற்கெனவே இவற்றை வளர்ப்பவர்கள் கலங்க வேண்டாம். விடியற்காலையிலும் இரவிலும் நடத்துங்கள், தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். கிளம்புமுன் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது. இரைப்பு நிற்காமல் நாய் தள்ளாடினால், முதலில் தண்ணீர் ஊற்றிக் காற்றோட்டத்தில் வைத்துக் குளிர்வித்துவிட்டு, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

குட்டி எடுக்கப் போகிறவர்களுக்கு: மூக்குத் துவாரம் திறந்திருக்கிறதா, ரோமத்தை விலக்கினால் தோல் தெரிகிறதா, வளர்ந்தபின் எடை எவ்வளவு வரும், தாய் நாய் மனிதரோடு எப்படிப் பழகுகிறது என்று நான்கையும் பாருங்கள். பிறகு வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேளுங்கள்: தினமும் காலையும் மாலையும், பத்துப் பதின்மூன்று வருடம், இதை நடத்திக் கூட்டிப் போகப்போவது யார்? அதற்கு ஒருவர் பெயர் உறுதியாக வந்தபின் குட்டியை எடுங்கள்.