வைகையில் மிதந்த அட்டைகளும் வானத்தின் கணக்கும்

ஆண்டிபட்டிக்கு அருகேயுள்ள வைகை அணையில் 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடந்த ஒரு நிகழ்ச்சியை வாசகர்கள் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். முந்திய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை தமிழகமெங்கும் பொய்த்து, வழக்கமான அளவில் பாதிகூடப் பெய்யாமற் போயிருந்தது. அணையில் எஞ்சிய சிறிதளவு நீரும் வெயிலில் ஆவியாகிப் போகாதிருக்க, வெண்ணிறத் தெர்மாகோல் அட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி, அமைச்சர் ஒருவரின் முன்னிலையில் நீரின்மேல் மிதக்கவிட்டனர். இப்பக்கத்துக் காற்று எத்தகையது என்பதை ஆடு மேய்க்கும் சிறுவனும் அறிவான். சற்று நேரத்திற்குள் அட்டைகள் கரையொதுங்கின. நாடே நகைத்தது.

நகைப்பதற்குரியதுதான். ஆனால் அந்த அட்டைகளுக்குப் பின்னாலிருந்த அச்சம் நகைப்புக்குரியதன்று. 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இவ்வணை 71 அடி நீர் தேக்கவல்லது. இதை நம்பி வயல்களும், மதுரை மாநகரின் குடங்களும் காத்திருக்கின்றன. காற்று ஒரு டிகிரி சூடேறினால், முன்னிலும் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியான நீராவியைத் தன்னுள் ஏந்தும் ஆற்றல் பெறுகிறது. அதாவது, சூடேறிய காற்று தாகமெடுத்த காற்று. அணை, குளம், கிணறு, மல்லிகைத் தோட்டத்து மண் என எங்கு ஈரம் கண்டாலும் அது உறிஞ்சும். உறிஞ்சியதை ஒருநாள் திருப்பித் தரும்போதோ, கொட்டித் தீர்க்கும். வறட்சியும் வெள்ளமும் ஒரே காரணத்தினின்று பிறக்கக்கூடும் என்பது இதனாலேயே.

மனிதன் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் உலகத்தைச் சூடேற்றுகின்றன என்று விஞ்ஞானிகள் கூறுகையில், நம் மக்கள் எழுப்பும் வினா ஒன்றுண்டு. "நாளைக்கு மழை வருமா என்பதையே சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள், ஐம்பது ஆண்டு கழித்து வரப்போவதை எப்படி அறிவார்கள்?" வினா நியாயமானதே. இதற்கு விடை தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். இன்ன வீட்டுக் குழந்தை இன்ன நாளில் பிறக்கும் என்று எந்தப் பங்குத்தந்தையாலும் கூற இயலாது. ஆனால் வரும் ஆண்டில் பங்கில் ஏறக்குறைய எத்தனை ஞானஸ்நானங்கள் நடைபெறும் என்பதை அவர் கூறிவிடுவார். இளங்குடும்பங்கள் வேலை தேடித் திருப்பூருக்குப் பெயர்ந்துவிட்டால் அத்தொகை குறையும் என்றும் கூறிவிடுவார். நாளைய மழை என்பது ஒரு குழந்தையின் பிறப்பைப் போன்றது. தட்பவெப்ப நிலை என்பதோ முழுப் பதிவேடு.

வானத்தின் போக்கை முன்கூட்டி அறியும் ஆவல் நம் பகுதிக்குப் புதியதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். அப்பஞ்சத்திற்குப்பின் இரண்டு முயற்சிகள் வேகம் பெற்றன. ஒன்று, 1895இல் நிறைவெய்திய பெரியாறு அணை. அதனை யாவரும் அறிவர்; பென்னிகுவிக் துரையின் பெயரைப் பிள்ளைகளுக்கு இடும் வழக்கமும் கம்பம் பள்ளத்தாக்கில் உண்டு. மற்றொன்றைச் சிலரே அறிவர். ஆண்டிபட்டிக்கு வடக்கே நீண்டு கிடக்கும் பழனி மலைத்தொடரின்மேல், 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடமே அது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் மழை பொய்ப்பதற்கும் தொடர்பு இருக்குமோ என்று அக்காலத்தில் ஐயுற்றனர். சூரியனை நாள்தோறும் நோக்கினால் அடுத்த பஞ்சத்தை முன்னறியலாம் என்பது நம்பிக்கை. (இத்துறையில் குருக்களும் பின்தங்கவில்லை. 1865இல் மணிலாவில் இயேசு சபையினர் தொடங்கிய ஆய்வுக்கூடத்திலிருந்து ஃபௌரா அடிகளார் 1879இலேயே புயல் எச்சரிக்கை விடுத்தார்.)

கொடைக்கானலில் சூரியனைப் பற்றிய அரிய உண்மைகள் பல வெளிப்பட்டன; பஞ்சத்தை முன்னறியும் திறவுகோல் மட்டும் அகப்படவில்லை. எனினும் அந்தப் பழைய ஐயம் இன்று வேறொரு வகையில் நமக்குத் துணைசெய்கிறது. பூமி சூடேறுவதற்குச் சூரியனே காரணமாயிருக்கலாகாதா என்று கேட்போர் இன்றும் உளர். 1978 முதல் விண்கோள்கள் சூரியனின் ஒளியாற்றலை இடைவிடாது அளந்து வருகின்றன. பதினோராண்டுக்கு ஒருமுறை அது சற்றே ஏறி இறங்குகிறதேயன்றி, தொடர்ந்து உயரவில்லை. பூமியின் வெப்பமோ உயர்ந்துகொண்டே போகிறது. இன்னும் ஒரு சாட்சியமுண்டு. சூரியன் காரணமாயின், கீழ்க்காற்றும் மேல்வானமும் ஒருங்கே சூடேறவேண்டும். ஆனால் கீழ்க்காற்று சூடேறுகிறது. மிக உயரத்திலுள்ள காற்றோ குளிர்ந்து வருகிறது. போர்வைக்குள் இருப்பவனுக்கு உடல் சுடும், போர்வைக்கு வெளியே குளிர் நிற்கும் அல்லவா? அத்தகைய நிலை இது. கரியமில வாயு மிகுந்தால் இவ்வாறே நிகழும் என்று மனாபே, வெதரால்ட் என்னும் இருவர் 1967இலேயே கணக்கிட்டிருந்தனர். மனாபேக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் வாசகர்கள் அறிந்திருக்கவேண்டிய மற்றொரு பெயர் வீரபத்திரன் ராமநாதன். 1944இல், இதே வைகை பாயும் மதுரையில் பிறந்தவர். பதினோராம் வயதில் குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர, தமிழில் பயின்ற சிறுவன் ஆங்கிலத்தில் பாடம் கேட்க நேர்ந்தது. ஆசிரியர் சொல்வது விளங்காமையால், யாவற்றையும் தானே சிந்தித்துத் தெளியும் வழக்கம் அப்போது ஏற்பட்டதாக அவரே பின்னாளில் கூறியுள்ளார். பள்ளி மாற்றிய பிள்ளையின் மதிப்பெண் குறைந்துவிட்டதே என்று கலங்கும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டித் தொழிலில் வேலைக்கு அமர்ந்தார். அப்பெட்டிகளில் குளிரூட்டும் வாயு ஏன் கசிகிறது என்று கண்டறிவதே அவர் பணி. அலுப்பூட்டும் வேலை என்று அன்று எண்ணியிருக்கக்கூடும்.

பின்னர் அமெரிக்கா சென்று செவ்வாய், வெள்ளி ஆகிய கோள்களின் வாயுமண்டலத்தை ஆராய்ந்து முனைவரானார். 1975இல், செகந்திராபாத்தில் தாம் கையாண்ட அந்தக் கசிவு வாயுவையே கணக்கில் எடுத்துப் பார்த்தார். விடை திடுக்கிடச் செய்தது. குளோரோ ஃபுளோரோ கார்பன் எனப்படும் அவ்வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு ஈடாக வெப்பத்தைச் சிறைப்படுத்தும்! அதுவரை கரியமில வாயு ஒன்றையே பெரிதும் எண்ணியிருந்த உலகிற்கு இது புதுச் செய்தி.

1980இல் ராமநாதனும் மேடன் என்பாரும் இன்னொரு துணிவான காரியம் செய்தனர். தட்பவெப்பம் தானாகவே ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் இயல்புடையது. திருவிழாச் சந்தடியில் ஒருவர் மெல்லப் பாடத் தொடங்கினால் முதலில் கேளாது. குரல் உயர உயர ஒரு கட்டத்தில் சந்தடியை மீறிக் கேட்கும். அதுபோல், மனிதனால் விளையும் வெப்பம் இயற்கையின் ஏற்றத்தாழ்வுகளை மீறி எப்போது புலப்படும் என்று கணக்கிட்டு, 2000ஆம் ஆண்டிற்குள் புலப்படும் என்று அச்சில் வெளியிட்டனர். நாள் குறித்துச் சொல்பவன் பிழைபட்டால் தப்ப வழியில்லை. 2001இல் ஐக்கிய நாடுகள் சபை சார்ந்த தட்பவெப்பக் குழு, கடந்த ஐம்பதாண்டு வெப்ப உயர்வில் பெரும்பகுதி மனிதன் வெளியிட்ட வாயுக்களால் விளைந்திருக்கக்கூடும் என்று அறிவித்தது. 2021இல் அதே குழு, மனிதனின் பங்கு ஐயத்திற்கு இடமற்றது என்றே எழுதிவிட்டது. தொழிற்சாலைகள் பெருகுமுன் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420ஐத் தாண்டி நிற்கிறது. பதிவேடுகள் தொடங்கிய நாள்முதல் மிக வெப்பமான ஆண்டு 2024.

இக்கணக்குகளை எவ்வாறு போடுகின்றனர்? ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டி நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. கட்டம் போட்ட துணியொன்றைப் பூமியுருண்டையின்மேல் போர்த்தியதாக எண்ணுங்கள். ஒவ்வொரு கட்டத்தின்மேலும் வானளாவ அடுக்கடுக்காய்ப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரம், காற்று எத்திசையில் வீசுகிறது என்று குறித்து, அது அடுத்த பெட்டிக்கு எதைத் தருகிறது என்பதைக் கணிப்பொறி இடைவிடாது கணக்கிடுகிறது. முதலில், மனிதன் எதையும் எரிக்காத உலகத்திற்குக் கணக்குப் போடுவர். பின்னர், எரித்த உலகத்திற்கு. உண்மையில் அளந்த வெப்பம் இரண்டாவது கணக்கோடு மட்டுமே பொருந்துகிறது.

ஆனால் இதன் குறையையும் மறைக்கலாகாது. உலகக் கணக்குகளில் ஒரு கட்டத்தின் பக்கம் பெரும்பாலும் நூறு கிலோமீட்டர் அளவினதாயிருக்கும். அந்த ஒரே கட்டத்திற்குள் குமுளியும் அடங்கும், ஆண்டிபட்டியும் அடங்கும். தென்மேற்குப் பருவக்காற்று குமுளியில் குடையை விரிக்கச் செய்து, ஈரத்தையெல்லாம் மலையிலேயே இறக்கிவிட்டு, ஆண்டிபட்டிக்கு வரும்போது வெறுங்கையோடு வந்து காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுப் போகிறது என்பது அக்கட்டத்திற்குத் தெரியாது! கட்டங்களைச் சிறிதாக்கிக் கணக்கிடும் முயற்சிகள் நடைபெறுகின்றன. எனினும், வெப்பம் உயரும் என்பதைக் கூறும் அதே உறுதியோடு, ஆண்டிபட்டியின் ஐப்பசி மழை கூடுமா குறையுமா என்று எவரேனும் கூறினால் நம்பவேண்டாம். உறுதியாகக் கூறத்தக்கது வேறு: வெயில் மிகும், நீர் விரைவில் வற்றும், பெய்யும்போது கடுமையாகப் பெய்யும் நாட்கள் பெருகும். குளத்தைத் தூர்வாரி வைப்பவனுக்கு இவ்வளவு செய்தி போதும். வருசநாட்டு மலைகளில் காடு குறைந்த கதையும் இங்கு எழுதத்தக்கதே. அது தனிக் கட்டுரைக்குரியது.

முன்னறிவிப்பு என்றதும் விவிலியம் அறிந்தோருக்கு யோனா நினைவுக்கு வருவார். நாற்பது நாளில் நினிவே அழியும் என்று அவர் அறிவித்தார். மக்கள் செவிசாய்த்தனர், நகரம் அழியவில்லை. தம் வாக்குப் பொய்த்ததென்று யோனா ஆமணக்குச் செடியடியில் அமர்ந்து மனம் வெதும்பினார். குளிர்சாதன வாயு விஷயத்தில் அண்மைக் காலத்தில் ஏறத்தாழ இதுவே நடந்தது. அது வானத்தின் ஓசோன் படலத்தையும் அரிக்கிறதென்று 1974இல் இரு விஞ்ஞானிகள் எச்சரிக்க, 1987இல் மான்ட்ரியல் நகரில் உலக நாடுகள் கூடி அதனைக் கைவிட உடன்பட்டன. இன்று ஓசோன் மெல்ல மீண்டு வருகிறது. அவ்வாயுவால் விளையவிருந்த வெப்பத்திலும் பெரும்பகுதி தவிர்க்கப்பட்டது. நிலக்கரி, எண்ணெய் விஷயத்தில் நினிவே இன்னும் நோன்பு தொடங்கவில்லை.

யார் எரித்தது, யார் வேகிறார்கள் என்ற கேள்வியும் உண்டு. இந்தியர் ஒருவர் சராசரியாக வெளியிடும் வாயுவின் அளவு உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. நம் நாட்டிற்குள்ளும், வானம் பார்த்த பூமியில் சோளம் விதைப்பவனும் நான்கு குளிரூட்டிகள் வைத்த மாளிகைக்காரரும் ஒன்றல்லர்.

இராமநாதனைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2004இல் திருப்பீட அறிவியல் கழகத்தின் உறுப்பினராக்கினார். கத்தோலிக்கர் அல்லாத ஒருவரை ஏன் என்று வியக்கவேண்டாம். அக்கழகம் சமயம் பார்ப்பதில்லை. 2014ஆம் ஆண்டு மே மாதம் வத்திக்கானில் கூடிய மாநாட்டின்போது, திருத்தந்தை பிரான்சிசை வாகனங்கள் நிறுத்துமிடத்தில் சந்தித்துச் சில வாக்கியங்கள் மட்டும் பேச அவருக்கு வாய்ப்புக் கிட்டியது. மாசில் பெரும்பகுதி உலகின் செல்வந்தர் நூறு கோடிப்பேரால் விளைகிறது, அதனால் கொடுந்துன்பம் அடையப்போகிறவர்கள் வறியோர் முந்நூறு கோடிப்பேர் என்பதே அவர் கூறியதன் சாரம். நான் என்ன செய்யக்கூடும் என்று திருத்தந்தை வினவினார். தங்கள் உரைகளில் இதனை மக்களுக்கு எடுத்துக் கூறுங்கள் என்றார் மதுரைக்காரர். அடுத்த ஆண்டு மே 24ஆம் நாளிட்டு 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடல் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் பாரிசு மாநாட்டிற்குச் சென்ற திருப்பீடத் தூதுக்குழுவிற்கு அறிவியல் ஆலோசகராகச் சென்றவரும் அவரே.