பல்கலைக்கழக அரங்கிற் பிள்ளைகள்

மேனாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆண்டுதோறும் நாடகப் பருவம் என ஒன்று உண்டு. கல்வியாண்டு தொடங்குமுன்னரே, அவ்வாண்டில் மேடையேறவிருக்கும் நாடகங்கள் இன்னின்ன, அவை இன்னின்ன நாள்களில் நடைபெறும் என அறிவித்துவிடுவர். சேக்ஸ்பியரின் துன்பியல் நாடகம் ஒன்று, இசை நாடகம் ஒன்று, புதிய ஆசிரியர் ஒருவரின் படைப்பு ஒன்று என அப்பட்டியல் அமையும். ஊரவர் பருவம் முழுவதற்கும் சேர்த்தே நுழைவுச்சீட்டு வாங்கிக்கொள்வதும் உண்டு. இத்தகைய பட்டியல்கள் சிலவற்றின் கடைசியில், பிள்ளைகளுக்கான நாடகம் ஒன்றும், சனிக்கிழமைகளில் நடைபெறும் சிறுவர் நாடக வகுப்பும் குறிக்கப்பட்டிருக்கும். கண்ணுக்கு எளிதிற் படாத அந்தக் கடைசி வரிக்கு ஒரு வரலாறு உண்டு.

சிக்காகோ நகருக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில், எவன்ஸ்டன் என்னும் ஊர் உளது. 1851ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் அங்கே இருக்கின்றது. அதன் பேச்சுக்கலைப் பகுதியில் விரிவுரையாளராயிருந்த வினிபிரெட் வார்ட் என்னும் அம்மையார், 1925இல் எவன்ஸ்டன் சிறுவர் அரங்கைத் தொடங்கினார். பல்கலைக்கழகமும் ஊரிலுள்ள பொதுப் பாடசாலைகளும் சேர்ந்து அதனை நடத்தின. பிள்ளைகளுக்கு நாடகம் காட்டுவது அமெரிக்காவில் அதற்கு முன்னரும் நிகழ்ந்ததே. நியூயோர்க்கிற் குடியேறிய ஏழை மக்களின் பிள்ளைகளுக்காக அலிஸ் மின்னி ஹேர்ட்ஸ் என்பார் 1903இல் ஒரு கல்வி அரங்கைத் தொடங்கியிருந்தார். அது சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று. எவன்ஸ்டன் அரங்குக்கோ ஒரு பல்கலைக்கழகத்தின் துணை இருந்தது. கட்டடமும் ஆசிரியரும் மட்டுமன்று, ஆண்டுதோறும் புதிதாக வந்து சேரும் மாணவரும் அதற்குக் கிடைத்தனர்.

வார்ட் அம்மையார் செய்த பெருங் காரியம் அரங்கைத் தொடங்கியது மட்டுமன்று. சிறுவர் நாடகம் என்ற ஒரே பெயரில் நாம் குழப்பிக்கொள்ளும் இரு பொருள்களை அவர் வேறு பிரித்தார். ஒன்று, பிள்ளைகள் பார்ப்பதற்காக நடிக்கப்படும் நாடகம். அதற்கு நல்ல எழுத்துப்பிரதி வேண்டும். தேர்ந்த நடிப்பும் ஒளியும் உடையும் வேண்டும். மற்றையது, பிள்ளைகள் தமக்காகத் தாமே ஆக்கிக்கொள்ளும் நாடகம். அதற்குப் பிரதியும் வேண்டியதில்லை, பார்ப்போரும் வேண்டியதில்லை. இப்பின்னதை ஆக்க நாடகம் எனலாம். 1930இல் அவர் வெளியிட்ட நூல் இதைப் பற்றியதே.

இவ்வேறுபாடு எதற்காக? பாடசாலைக் கலைவிழாவை எண்ணிப் பார்த்தால் விளங்கும். துணிவும் குரலும் உள்ள பிள்ளை ஆண்டுதோறும் அரசனாகிறான். கூச்சமுள்ள பிள்ளை மரமாகவோ மதிலாகவோ நிற்கிறான். பொருள் விளங்காத வசனத்தை நாள்கணக்கில் மனனஞ் செய்து, பெற்றோர் கைதட்ட ஒப்புவித்துவிட்டு இறங்குகிறார்கள். இங்கே விழா சிறக்கின்றது. நாடகத்தால் எவனுக்குப் பயன் மிகுதியோ அவனே ஒதுக்கப்படுகிறான். செய்து கற்றலே கல்வி என்ற ஜோன் டூயி போன்றோரின் கொள்கை பரவியிருந்த அக்காலத்தில், வார்ட் அம்மையார் இம்முறையை மாற்ற விழைந்தது வியப்பன்று.

ஆக்க நாடகம் எவ்வாறு நடைபெறும் என்பதை, ஈசாப்பின் கதையாக அமெரிக்கப் பிள்ளைகளும், பாட்டி வடை சுட்ட கதையாக நம் பிள்ளைகளும் அறிந்த நரியும் காகமும் கதையைக் கொண்டு காட்டலாம். (அங்கே காகத்தின் வாயில் இருப்பது பாற்கட்டி, வடையின் சுவை ஈசாப்புக்குத் தெரியாது.) ஆசிரியர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கதையைச் சொல்கிறார். பின்பு, பசித்த நரி எப்படி நடந்து வரும் என்று கேட்கிறார். வகுப்பிலுள்ள பிள்ளைகள் அனைவரும் ஒரே நேரத்தில் நரியாகி நடக்கின்றனர். எல்லாரும் நடப்பதால் எவரும் எவரையும் பார்த்துச் சிரிப்பதில்லை. கூச்சம் அங்கேயே பாதி கழிந்துவிடும். அடுத்து வினாக்கள் வரும். காகம் ஏன் பாடிற்று? தன் குரல் நல்லதன்று என்று அதற்குத் தெரியாதா? அல்லது, ஒருவராவது புகழமாட்டாரா என்று நெடுங்காலம் ஏங்கியிருந்ததா? பிள்ளைகள் விடை சொல்லச் சொல்லக் காகத்துக்கு ஓர் உள்ளம் உருவாகின்றது. அதன்பின் சிலர் நடிக்கின்றனர். பேசுவன யாவும் அவர்கள் சொந்தச் சொற்களே. பார்த்திருந்தவர் கருத்துச் சொல்வர். அப்போது பிள்ளையின் பெயரைச் சொல்லாமல், நரி இன்னும் தந்திரமாகப் பேசியிருக்கலாம் எனப் பாத்திரத்தின் பெயராலேயே சொல்லுதல் மரபு. குறை நரிக்கேயன்றிப் பிள்ளைக்கன்று. பின்னர் வேறு பிள்ளைகள் அதே கதையை நடிப்பர். அது முற்றிலும் வேறு நாடகமாக இருக்கும்.

சிறுவர் அரங்கின் மேடையிலோ கண்டிப்பு மிகுதி. எவன்ஸ்டனிற் சிறுவர் பாத்திரங்களைச் சிறுவரும், முதியோர் பாத்திரங்களைப் பல்கலைக்கழக மாணவரும் ஏற்றனர். பிள்ளைகள்தாமே பார்க்கப்போகிறார்கள் என்று ஏனோதானோவென ஆடுதல் அங்கே செல்லாது. வளர்ந்தோர் அலுப்புற்றால் மரியாதைக்காக அமர்ந்திருப்பர். பிள்ளைகள் நெளிவர், பேசுவர், எழுந்து நடப்பர். சிக்காகோவின் குட்மன் அரங்கிற் பிள்ளைகளுக்கு நாடகம் எழுதிய சார்லட் சோர்ப்பெனிங் என்பார், பார்வையாளரிடையே இருந்து, எந்த இடத்திற் பிள்ளைகள் நெளிகிறார்கள் எனக் கவனித்துப் பிரதியைத் திருத்துவார். நடிப்புப் பயிலும் மாணவருக்கு இதனினும் நேர்மையான ஆசிரியர் கிடைப்பது அரிது. ஒரு பல்கலைக்கழகம் இச்சிறு வேலைக்குப் பொருள் செலவிடலாமா என ஐயுறுவோருக்கு இதுவே போதிய விடை.

1944இல் நோர்த்வெஸ்டர்னிற் சிறுவர் அரங்கத்தினரின் மாநாடு ஒன்று கூடிற்று. அமெரிக்க நாடெங்கும் இத்துறை அமைப்பாக வளர்ந்தது அதன் பின்னரே. வார்ட் அம்மையார் 1950இல் ஓய்வுபெற்றார், 1975இற் காலமானார்.

அதே சிக்காகோப் பகுதியில் மற்றொரு கிளையும் வளர்ந்தது. குடியேறிய மக்கள் பல மொழி பேசி வாழ்ந்த அந்நகரில், நேவா போயிட் என்பாரிடம் விளையாட்டு முறைகளைக் கற்ற வயோலா ஸ்போலின், பிள்ளைகளுக்கு நடிப்பைச் சொல்லிக் கொடுப்பதற்குப் பதிலாக விளையாட்டுக்களாகவே ஆடச்செய்தார். இல்லாத பந்தை எறிந்து பிடிப்பது, எதிரே நிற்பவரின் அசைவைக் கண்ணாடிபோற் காட்டுவது போன்றவை அவை. 1963இல் அவருடைய நூலை வெளியிட்டது நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக அச்சகமே. பிள்ளைகளுக்கென அமைந்த அவ்விளையாட்டுக்கள் வளர்ந்தோர் அரங்கினுட் புகுந்தன. அவருடைய மகன் போல் சில்ஸ் 1959இற் சிக்காகோவிற் பிறருடன் சேர்ந்து தொடங்கிய செக்கண்ட் சிற்றி என்னும் நகைச்சுவை அரங்கு அவற்றினின்று எழுந்தது. சனிக்கிழமை வகுப்பிற் பிள்ளைகள் ஆடும் கண்ணாடி விளையாட்டைத் திங்கட்கிழமை பட்டப்படிப்பு மாணவர் நடிப்புப் பயிற்சியாகச் செய்வது இன்று நாடகத் துறைகள் பலவற்றிற் காணக்கூடியதே.