முள் ஏறினால் கொதிப்பது இன்ஜினா, மீட்டரா?

முகூர்த்த நாட்களில் திருக்கடையூர் சன்னதித் தெருவில் கார்கள் நெருக்கியடித்து நிற்கும். அறுபதாம் கல்யாணத்துக்கும் எண்பதாம் கல்யாணத்துக்கும் குடும்பத்தோடு வந்தவர்கள். சென்னை வண்டி என்றால் 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வந்திருக்கும். வயதானவர்கள் உள்ளே இருப்பதால் ஏ.சி.யை நிறுத்த யாருக்கும் மனம் வராது. அந்த நேரத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால், முதலில் வண்டியை ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துவதுதான் சரி. மீட்டர் பொய் சொல்கிறதா என்ற ஆராய்ச்சி அதற்குப் பிறகு.

நிஜமாகவே சூடேறிய இன்ஜின் தடயம் விடும். கூலன்ட் வாடை, ஆவி, காலியான ரிசர்வ் டப்பா, ஓடாத ரேடியேட்டர் ஃபேன் என ஏதாவது ஒன்று தென்படும். இவை எதுவும் இல்லாமல், இரவெல்லாம் நின்று ஆறிய வண்டியில் காலையில் சாவியைத் திருப்பியதுமே முள் மேலே போனால் சந்தேகம் மீட்டர் பக்கம் திரும்ப வேண்டும்.

இன்ஜினில் செருகியிருக்கும் சிறு சென்சார்தான் எல்லாவற்றுக்கும் மூலம். சூடு கூடக்கூட அதன் மின்தடை குறையும். பல கார்களில் 20 டிகிரியில் இரண்டாயிரம் ஓமுக்கு மேல் இருப்பது, 80 டிகிரியில் முந்நூறு ஓம் அளவுக்கு இறங்கிவிடும். சென்சாரைக் கழற்றி வெந்நீரில் வைத்து மல்டிமீட்டரால் அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒற்றை ஒயர் உள்ள பழைய வண்டிகளில் இன்னும் சுலபம்: ஒயரைக் கழற்றினால் முள் கீழே இறங்க வேண்டும், நொடி நேரம் எர்த்தில் தொட்டால் மேலே ஏற வேண்டும். ஏறினால் மீட்டரும் ஒயரும் நல்லவை, கோளாறு சென்சாரில். பெட்ரோல் முள்ளும் சேர்ந்து தடுமாறினால் மீட்டருக்கு வரும் மின்சாரத்தையோ எர்த்தையோ பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் உள்ள புதிய கார்களில் இந்த ஒயர் வித்தை வேண்டாம். ஸ்கேனர் போட்டுப் பார்ப்பதே பாதுகாப்பு.

முள் ஏறுவதைவிட ஏறாமல் இருப்பதுதான் ஆபத்து. கூலன்ட் வற்றிப்போனால் சென்சார் வெறும் ஆவியில் நிற்கும். உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்க, முள் சாதுவாகக் கீழேயே கிடக்கும். ஹெட் கேஸ்கெட் போவது இப்படியும்தான். நெடுஞ்சாலையில் மட்டும் முள் இறங்கினால், பெரும்பாலும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கும்.

கடலோர ஊர்களில் உப்புக் காற்று ஒயர் முனைகளைக் களிம்பேற வைக்கும். அவசரத்துக்கு ரேடியேட்டரில் ஊற்றும் உப்பு போர்த் தண்ணீரோ உள்ளே துருவும் படிவும் சேர்க்கும். அப்படி ஊற்றியிருந்தால், ஊர் திரும்பியதும் அதை வடித்துக் கூலன்ட் நிரப்பிவிடுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் அரை மணி நேரமாவது தொடாதீர்கள்.