அடுத்த பந்து

நுழையும்முன்

விளையாட்டு உடலுக்கு வலிமை தரும் என்பதை அனைவரும் அறிவர். அது உள்ளத்தையும் பண்படுத்தும் என்பதைக் களத்தில் நின்று ஆடியவர் அறிவர். ஊர்த்திடலில் மட்டை ஏந்தும் ஒருவர் தம் ஆட்டத்தையும் மனத்தையும் எவ்வாறு செம்மைப்படுத்திக்கொள்ளலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வயலே ஆடுகளம்

கல்வராயன் மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கச்சிராயபாளையம். கோமுகி அணையின் நீர் பாயும் வயல்களில் அறுவடை முடிந்து தாள் காய்ந்ததும் தரை இறுகிவிடும். அதன்பின் மாலைதோறும் அவ்வயலே கிரிக்கெட் ஆடுகளம். மூன்று குச்சிகள், ஒரு மட்டை, நான்கைந்து பேர் காசு சேர்த்து வாங்கிய டென்னிஸ் பந்து ஆகியவை போதும். பந்து வரப்பைத் தாண்டினால் நான்கு ஓட்டங்கள்; கரும்புக் கொல்லைக்குள் விழுந்தால் ஆறு. தொலைந்தால் அடித்தவரே தேட வேண்டும்.

இத்தகைய திடலில் இருபது பந்துகளில் நாற்பது ஓட்டங்கள் குவிக்கும் மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஊரே அவரைப் பாராட்டுகிறது. மாவட்ட அணிக்கான தேர்வுக்குச் செல்கிறார். அங்குதான் முதன்முறையாகத் தோல்பந்தை எதிர்கொள்கிறார். இரண்டு பந்துகள் மட்டையில் படாமல் கடந்து செல்கின்றன. மூன்றாம் பந்தைத் தூக்கி அடிக்க முயன்று ஆட்டமிழக்கிறார். ‘எனக்குத் திறமை இல்லை’ என்று முடிவு செய்து வீடு திரும்புகிறார். மறுநாள் முதல் மட்டையைத் தொடுவதில்லை.

அவர் செய்த முடிவு சரியானதா? அன்று. அவரிடம் குறைந்தது திறமையன்று, பழக்கம். பழக்கத்தை மாற்ற முடியும். எதை மாற்ற வேண்டும் என்பதை அறிந்துகொள்வதே முதற்படி.

பந்து மாறினால் ஆட்டம் மாறும்

டென்னிஸ் பந்தின் எடை ஏறத்தாழ 58 கிராம். கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. இரண்டாவது ஏறக்குறைய மூன்று மடங்கு கனமானது; கெட்டியானது; தையல் விளிம்பு உடையது. அவ்விளிம்பு தரையில் படும்போது பந்து திசை மாறக்கூடும். காற்றிலும் அது வளைந்து செல்லும். டென்னிஸ் பந்தோ தரையில் பட்டதும் உயர்ந்து எழும், வேகம் குறையும். எனவே காலை விலக்கி வைத்து, மட்டையைக் குறுக்கே வீசி அடித்தாலும் அது எல்லையைத் தாண்டும். அதே வீச்சு தோல்பந்திடம் பலிப்பதில்லை. குறுக்கே வரும் மட்டை பந்தின் பாதையை ஒரு கணமே சந்திக்கிறது. நேராக வரும் மட்டையோ அப்பாதையிலேயே நெடுநேரம் நிற்கிறது. நேர்மட்டை ஆட்டத்தைப் பயிற்சியாளர்கள் வலியுறுத்துவதன் காரணம் இதுவே.

டென்னிஸ் பந்தில் தொடங்கியவர்களுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. கல்வராயன் மலை பரந்து கிடக்கும் சேலம் மாவட்டத்தின் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்தவர் பந்துவீச்சாளர் நடராஜன். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த அவர், பின்னர் தோல்பந்துக்கு மாறித் தமிழ்நாட்டு அணியில் இடம்பெற்றார். 2020-21ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் பயணத்தில் மூவகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். திடல் தந்த துணிவை அவர் கைவிடவில்லை. அதனுடன் புதிய பழக்கங்களைச் சேர்த்துக்கொண்டார். மட்டையாளருக்கும் இது பொருந்தும்.

அரை நொடியில் நிகழ்வது

பந்துவீச்சாளரின் கோட்டுக்கும் மட்டையாளரின் கோட்டுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 17.7 மீட்டர். மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து இதனைக் கடக்க அரை நொடியே ஆகும். அதற்குள் பந்தைக் கண்டு, கணித்து, காலை நகர்த்தி, மட்டையை இறக்க வேண்டும்.

இஃது எவ்வாறு இயல்கிறது? இங்கிலாந்து ஆய்வாளர்கள் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியாட் ஆகியோர் மட்டையாளர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து, 2000ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். மட்டையாளர் பந்தை முழு வழியும் பின்தொடர்வதில்லை. பந்து கையை விட்டு நீங்குவதைக் காண்கிறார். உடனே அது தரையில் விழவிருக்கும் இடத்துக்குத் தம் பார்வையைத் தாவச்செய்து காத்திருக்கிறார். தேர்ந்த ஆட்டக்காரரின் பார்வை முன்னதாகவே அவ்விடத்தை அடைந்துவிடுகிறது.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியவை தெளிவானவை. கண்கள் பந்துவீச்சாளரின் கையில் பதிந்திருக்க வேண்டும். தலை அசையாமல், இரு கண்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பாதங்கள் தோளளவு விலகி, முழங்கால்கள் சற்றே வளைந்து, உடலின் எடை இரு கால்களிலும் சமமாகப் பரவியிருக்க வேண்டும். மேற்கை மட்டையை வழிநடத்த, கீழ்க்கை தளர்வாக இருக்க வேண்டும். கீழ்க்கையின் இறுக்கமே மட்டையைக் குறுக்கே இழுக்கிறது. அருகில் விழும் பந்துக்கு முன்காலையும், தொலைவில் விழும் பந்துக்குப் பின்காலையும் பயன்படுத்த வேண்டும். பந்து வீசப்படும் முன்னரே ‘இதனைத் தூக்கி அடிப்பேன்’ என்று முடிவுசெய்பவர், அந்த அரை நொடியையும் வீணாக்கிவிடுகிறார்.

விடத் தெரிதல்

ஊர்த்திடலில் பந்தை அடிக்காமல் விட்டால் நண்பர்கள் நகைப்பர். ஆனால் விட வேண்டிய பந்தை அறிந்து விடுவதும் ஆட்டமே.

2003-04ஆம் ஆண்டு ஆஸ்திரேலியத் தொடரில் சச்சின் டெண்டுல்கர் தொடர்ந்து தடுமாறினார். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே சென்ற பந்துகளைத் துரத்தி ஆட்டமிழந்தார். 2004 ஜனவரியில் சிட்னியில் நடந்த கடைசிப் போட்டியில், தமக்கு மிகவும் விருப்பமான ‘கவர் டிரைவ்’ அடியை ஏறத்தாழ முழுவதுமாகத் துறந்தார். பந்துவீச்சாளர்கள் ஆசைகாட்டினர், அவர் அசையவில்லை. 436 பந்துகளைச் சந்தித்து ஆட்டமிழக்காமல் 241 ஓட்டங்கள் எடுத்தார். உலகம் போற்றிய ஓர் அடியை அதற்கு உரியவரே ஒதுக்கிவைத்தார். தம் குறையைத் தாமே ஒப்புக்கொள்ளும் நேர்மை அதற்கு அடிப்படையாக இருந்தது.

மனத்தின் வலிமை

பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 2021 ஜனவரி 11 அன்று, அதே சிட்னித் திடல். இந்தியாவுக்கு இலக்கு 407 ஓட்டங்கள். அன்று ரிஷப் பந்த் துணிந்து தாக்கி 118 பந்துகளில் 97 ஓட்டங்கள் குவித்தார். ஐந்தாம் விக்கெட் வீழ்ந்தபின் தோல்வியைத் தவிர்ப்பதே கடமையாயிற்று. தொடையில் காயமுற்ற ஹனுமா விஹாரியும், முதுகுவலியால் வருந்திய நம் சென்னையின் அஸ்வினும் இணைந்தனர். வேகப்பந்துகள் அஸ்வினின் உடலில் பட்டன. இருவரும் நாற்பது ஓவர்களுக்கும் மேலாக நின்றனர். விஹாரி 161 பந்துகளில் 23. அஸ்வின் 128 பந்துகளில் 39. போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

பந்தின் தாக்குதலும் விஹாரியின் தடுப்பும் ஒரே நாளில் ஒரே அணிக்குப் பயன்பட்டன. அணிக்கு இப்போது என்ன தேவை என்று கேட்டு ஆடுவதே மனமுதிர்ச்சி.

தவறிய பந்தை நினைத்து வருந்துவோர் அடுத்த பந்தையும் தவறவிடுவர். ஒவ்வொரு பந்துக்குப் பின்னும் சற்றே விலகி நின்று, மூச்சை ஆழ இழுத்துவிட்டு, மீண்டும் தம் இடத்துக்கு வருவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். முடிந்தது முடிந்தது, ஆடுவதற்கு உள்ளது அடுத்த பந்து மட்டுமே. குண்டப்பா விஸ்வநாத் 1969இல் கான்பூரில் தம் முதல் டெஸ்ட் போட்டியில் ஆடினார். முதல் இன்னிங்ஸில் ஓட்டம் எதுவும் எடுக்காமல் வெளியேறினார். இரண்டாம் இன்னிங்ஸில் 137 ஓட்டங்கள் எடுத்தார். முதல் இன்னிங்ஸோடு அவர் தம்மைப் பற்றி முடிவு செய்திருந்தால், அந்த இரண்டாம் இன்னிங்ஸ் இல்லை.

தெரிந்து தெளிவோம்

சென்னையைச் சேர்ந்த திருஷ் காமினி, 2013ஆம் ஆண்டு மும்பையில் மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கு எதிராக 100 ஓட்டங்கள் எடுத்தார். மகளிர் உலகக் கோப்பைப் போட்டியில் சதமடித்த முதல் இந்திய வீராங்கனை அவரே.

தனியே பயிலலாம்

பயிற்சியாளரும் வலைத்தடுப்பும் இல்லாத ஊரில் என்ன செய்வது? ஆஸ்திரேலியாவின் பௌரல் என்னும் சிற்றூரில் சிறுவன் ஒருவன், நீர்த்தொட்டியின் செங்கல் அடித்தளத்தில் கோல்ஃப் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு ஸ்டம்பால் அடித்துப் பழகினான். பின்னாளில் டெஸ்ட் போட்டிகளில் 99.94 ஓட்டச் சராசரி பெற்ற டான் பிராட்மன் அவனே.

பழைய காலுறைக்குள் பந்தை இட்டு வேப்பங்கிளையில் கட்டித் தொங்கவிட்டால், நேர்மட்டைப் பயிற்சிக்கு அதுவே போதும். நண்பர் ஒருவர் பத்தடி தொலைவிலிருந்து டென்னிஸ் பந்தை மெல்ல எறிய, அதைக் காலடியிலேயே விழுமாறு தடுத்துப் பழகலாம். ஆட்டமிழந்த ஒவ்வொரு முறையும் எவ்வகைப் பந்து, எவ்வகை அடி என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். ஒரே பிழை மூன்று முறை தோன்றினால், திருத்த வேண்டியது எது என்பது புலனாகும். தோல்பந்தில் ஆடும்போது தலைக்கவசமும் காலுறைக்காப்பும் கையுறையும் இன்றிக் களமிறங்குதல் கூடாது.

தேர்வில் மூன்றாம் பந்தில் ஆட்டமிழந்த அந்த மாணவருக்கு நாம் சொல்ல வேண்டியதும் இதுவே. அவர் மூன்று பந்துகளைத்தான் தோற்றிருக்கிறார். அறுத்த வயல் அங்கேயே இருக்கிறது. மட்டையும் வீட்டு மூலையில்தான் இருக்கிறது. எடுத்து வரட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்த்திடலில் வழங்கும் விளையாட்டு விதிகளையும் சொற்களையும் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.
2. ‘விடத் தெரிதலும் திறமையே’ – இக்கருத்து விளையாட்டுக்கு வெளியே வாழ்வில் பொருந்தும் சூழல் ஒன்றை விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.