மூப்பும் மறதியும்

தாமிரபரணியில் நாள்தோறும் நீராடிவரும் முதியவர் ஒருவர், ஒருநாள் குறுக்குத்துறைப் படித்துறையில் வீட்டிற்கு வழி அறியாது திகைத்து நிற்கிறார் எனக் கொள்வோம். இஃது மூப்பின் இயல்பென்று இல்லத்தார் வாளா இருத்தல் தகுமோ? தகாது.

மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறத்தல் எவர்க்கும் உண்டு. பழகிய வழியையே மறத்தல் நோயின் அறிகுறியாதல் கூடும். இத்தகைய மறதிநோய் ஒன்றைச் செருமானிய மருத்துவர் அல்சைமர் 1906ஆம் ஆண்டில் விளக்கினார். அஃது அவர் பெயராலேயே வழங்குகிறது.

நோயுற்றோர் பெரும்பாலும் தம் குறையை உணரார். ஆதலின், மாற்றம் எப்பொழுது தொடங்கியது, எவ்வாறு வளர்ந்தது என மருத்துவர் உடன் வாழ்வோரை வினவுவர். பின்னர், முதியவரிடம் சில சொற்களைக் கூறிச் சற்றுநேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் செய்வர், கடிகார முகத்தை வரையச் செய்வர், குருதியை ஆய்வர், மூளையைப் படமெடுத்துக் காண்பர். தைராய்டுச் சுரப்புக் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி தோன்றும். அவை மருத்துவத்தால் சீர்படத்தக்கவை. அல்சைமர் நோயை முற்றும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எனினும், முன்னரே அறிந்தால் முதியவர் தம் விருப்பத்தைத் தாமே கூறக் காலம் வாய்க்கும்.

மாணவர்களே! பாட்டனாருடன் நெருங்கிப் பழகும் நீங்களே அம்மாற்றத்தை முதலில் காணக்கூடும். கண்டதை நாளுடன் குறித்துப் பெற்றோரிடம் கூறுங்கள். அவர் ஒரே வினாவைப் பன்முறை கேட்பினும் சினவாதீர்கள். மழலைப் பருவத்தில் நீங்களும் அவரை அவ்வாறே கேட்டீர்கள் அன்றோ?